வளம் நாட்டுடையது, சரி. ஒப்பந்தம் எந்த வகையில்? உரிமம், உற்பத்திப் பகிர்வு, சேவை ஒப்பந்தம், அரசுப் பங்கு: ஓர் ஒப்பீடு

நிலத்துக்கு அடியிலோ கடலுக்கு அடியிலோ எண்ணெயோ செம்போ கிடைத்தால் அது யாருடையது என்பதில் சர்வதேசச் சட்டத்தில் இன்று பெரிய தகராறு இல்லை. ஐ.நா. பொதுச்சபை 1962 டிசம்பர் 14 அன்று நிறைவேற்றிய 1803ஆம் தீர்மானம், இயற்கை வளங்கள் மீதான நிரந்தர இறையாண்மை மக்களுக்கும் நாடுகளுக்கும் உரியது என்றது. 87 நாடுகள் ஆதரித்தன; பிரான்ஸும் தென்னாப்பிரிக்காவும் எதிர்த்தன; 12 நாடுகள் ஒதுங்கி நின்றன. 1966இன் இரு மனித உரிமை உடன்படிக்கைகளும் முதல் விதியிலேயே இதைப் பேசுகின்றன. காங்கோ–உகாண்டா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2005இல் இதை வழக்காற்றுச் சட்டமாகவே ஏற்றது.

தகராறு அதற்கு அடுத்த படியில்தான் தொடங்குகிறது. வளத்தை எடுக்கப் பணமும் தொழில்நுட்பமும் இல்லாத அரசு வெளி நிறுவனத்தோடு எந்த வகை ஒப்பந்தம் போடுவது? ‘உரிமம் கொடுத்தால் இறையாண்மை போச்சு, உற்பத்திப் பகிர்வு என்றால் நம் கையில் இருக்கும்’ என்பது மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாதம். ஒப்பந்தங்களைப் பிரித்து எண்களைப் பார்த்தால் அது நிற்காது. வகையின் பெயரைவிட மூன்று விஷயங்கள் முக்கியம்: நஷ்ட அபாயம் யார் தலையில், கணக்கை எண்ணுவது யார், எதை மாற்றமாட்டோம் என்று அரசு கையெழுத்துப் போட்டிருக்கிறது.

மூன்றாவது விஷயத்தின் வேர் அதே 1803ஆம் தீர்மானத்தில் இருக்கிறது. அதன் 4ஆம் பத்தி, பொதுநலனுக்காக நாட்டுடைமையாக்கலாம், ‘பொருத்தமான இழப்பீடு’ தர வேண்டும் என்கிறது. 8ஆம் பத்தியோ, அரசுகள் தாமாக விரும்பிச் செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தங்களை நல்லெண்ணத்தோடு நிறைவேற்ற வேண்டும் என்கிறது. கையெழுத்துப் போடும்வரை அரசுக்கு முழுச் சுதந்திரம். போட்ட பிறகு தன் கையெழுத்தே தனக்குக் கட்டு. ஆகவே பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான். பிறகு ஆட்சி மாறி ‘இறையாண்மை’ என்று முழங்குவதற்குத் தனி விலை உண்டு.

உரிம முறை

பழைய சலுகை ஒப்பந்தங்கள்தான் இந்த முறைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவை. பாரசீக (இன்றைய ஈரான்) அரசு 1901இல் வில்லியம் நாக்ஸ் டார்சி என்ற பிரிட்டிஷ் தொழிலதிபருக்குக் கொடுத்தது 60 ஆண்டு எண்ணெய் உரிமை. பரப்பு சுமார் 4,80,000 சதுர மைல். அரசுக்குக் கிடைத்தது 20,000 பவுண்ட் ரொக்கம், அதே அளவு பங்குகள், ஆண்டு நிகர லாபத்தில் 16 சதவீதம். ‘நிகர லாபம்’ எவ்வளவு என்று கணக்கெழுதியது நிறுவனமே. சண்டை அங்கேதான் மூண்டது. 1933இல் புது ஒப்பந்தம், 1951இல் நாட்டுடைமை, பிரிட்டன் தொடுத்த வழக்கில் 1952இல் தனக்கு அதிகார வரம்பில்லை என்று சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்பு என்று அது நீண்டது. ஓர் அரசும் ஒரு நிறுவனமும் செய்துகொண்ட சலுகை ஒப்பந்தம், இரு நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கை ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் அடித்தளம்.

இன்றைய உரிம முறை அந்தச் சாயலில் இல்லை. நார்வேயும் உரிமம்தான் தருகிறது. நிறுவனம் தன் செலவில், தன் அபாயத்தில் தோண்டுகிறது. எடுத்த எண்ணெய் அதற்குச் சொந்தம். ஆனால் லாபத்தின் மீது 22 சதவீத நிறுவன வரியும் பெட்ரோலியச் சிறப்பு வரியும் சேர்ந்து விளிம்பு விகிதம், அதாவது கூடுதலாகக் கிடைக்கும் லாபத்தின் மீதான வரி, 78 சதவீதம். எண்ணெய் விலை ஏறியதும் 1975இல் சிறப்பு வரியைக் கொண்டுவந்தார்கள், ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களுக்கும் சேர்த்து. வரியை மாற்றமாட்டோம் என்று அவர்கள் யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

அதே உரிம முறையில் சாம்பியா எங்கே நின்றது பாருங்கள். 1990களின் இறுதியில் செம்புச் சுரங்கங்களைத் தனியாருக்கு விற்றபோது போட்ட மேம்பாட்டு ஒப்பந்தங்களில் ராயல்டி, அதாவது எடுத்த தாதுவின் மதிப்பில் அரசுக்குச் செலுத்தும் பங்கு, 0.6 சதவீதமாக இருந்தது. 15 முதல் 20 ஆண்டுகள் வரை வரி மாறாது என்ற வாக்குறுதியும் சேர்ந்தே வந்தது. செம்பு விலை உச்சத்துக்குப் போன ஆண்டுகளில் அரசு வேடிக்கை பார்த்தது. 2008இல் சட்டம் போட்டு ஒப்பந்தங்களை ஒதுக்கித் தள்ளி, திடீர் லாப வரியும் விதித்தது. விலை சரிந்ததால் அடுத்த ஆண்டே அந்த வரியை விலக்கிக்கொண்டது.

இந்த முறையில் பணம் கசியும் இடம் விற்பனை விலை. சுரங்க நிறுவனம் தன் தாய்க் குழுமத்துக்கே சந்தை விலைக்குக் கீழே விற்றால் ராயல்டியும் வரியும் சேர்ந்து சுருங்கும். மோப்பானி என்ற சாம்பியச் செம்பு நிறுவனம் தன் குழும நிறுவனத்துக்கு விற்ற செம்பின் விலை பற்றிய வழக்கில் சாம்பிய உச்ச நீதிமன்றம் 2020இல் வரித்துறை பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் சர்ச்சைக்குரிய விற்பனை நடந்தது பத்தாண்டுக்கும் முன்பு. நார்வே இதற்கு வைத்திருக்கும் வழி எளிது: நிறுவனம் என்ன விலைக்கு விற்றதாகச் சொன்னாலும், அரசு நியமித்த குழு நிர்ணயிக்கும் நெறி விலையில்தான் கச்சா எண்ணெய்க்கு வரி. தாதுவுக்கு இது இன்னும் சிக்கல். தாதுவைச் செறிவூட்டி ஏற்றுமதி செய்யும் செம்புச் செறிவில் தங்கமும் வெள்ளியும் கலந்திருக்கும். துறைமுகத்தில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் அரசிடம் இல்லையென்றால் ஏற்றுமதிச் சீட்டில் எழுதியதுதான் கணக்கு.

உற்பத்திப் பகிர்வு

இந்தோனேசியா 1966இல் தொடங்கி வைத்த முறை. எண்ணெய் தரைக்கு வந்த பிறகும் அரசுக்கே சொந்தம். நிறுவனம் ஒப்பந்தக்காரர் மட்டும். முதல் தலைமுறை ஒப்பந்தத்தில் ஆண்டு உற்பத்தியில் 40 சதவீதம் வரை செலவு மீட்புக்கு, அதாவது நிறுவனம் போட்ட செலவைத் திரும்ப எடுத்துக்கொள்ள, போகும்; மிச்சத்தை 65:35 என்று அரசும் நிறுவனமும் பிரித்துக்கொள்ளும். காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. அபாயம் முழுக்க நிறுவனத்துடையது, கொடி அரசுடையது.

கொடியை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்க, கயானாவின் ஸ்டாப்ரோக் என்ற கடல் எண்ணெய்த் தொகுதிக்கு 2016இல் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். 100 பீப்பாய் எடுத்தால் 75 பீப்பாய் வரை செலவுக்கு ஒதுக்கலாம். மிச்சம் 25, ஆளுக்குப் பாதி. ராயல்டி 2 சதவீதம். செலவு வரம்பு நிரம்பியிருக்கும் காலத்தில் அரசுக்குச் சேர்வது 12.5 + 2, அதாவது 14.5 பீப்பாய். நிறுவனத்தின் வருமான வரியையும் அரசே தன் பங்கிலிருந்து கட்டியதாகக் கணக்கு. இத்தனையும் ‘எண்ணெய் அரசுடையது’ என்று சொல்லும் வகை ஒப்பந்தத்தில். 2023இல் கயானா வெளியிட்ட புதிய மாதிரியில் ராயல்டி 10 சதவீதம், செலவு வரம்பு 65 சதவீதம், நிறுவன வரி 10 சதவீதம். புது ஏலங்களுக்குத்தான் அது பொருந்தும். பழைய தொகுதியில், விதிகளை மாற்றமாட்டோம் என்று அரசு எழுதிக் கொடுத்த நிலைப்படுத்தல் ஷரத்து காவல் நிற்கிறது.

கணக்கில் இன்னொன்று கவனிக்க வேண்டும். செலவு போக மிஞ்சும் லாப எண்ணெய் 50:50 என்றால், செலவாக எழுதப்படும் ஒவ்வொரு டாலரிலும் 50 சென்ட் அரசின் பணம். அரசின் பங்கு 60 சதவீதம் என்றால் 60 சென்ட். அரசின் பங்கு கூடக் கூட, செலவைக் குறைப்பதில் நிறுவனத்துக்கு ஆர்வம் குறையும். ஆகவே பங்கு விகிதத்தை உயர்த்திய ஒவ்வொரு முறையும் தணிக்கையையும் பலப்படுத்தியாக வேண்டும். பல அரசுகள் முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்துவிடும். ஸ்டாப்ரோக் தொகுதியின் தொடக்கச் செலவான 167 கோடி டாலரைத் தணிக்கை செய்தவர்கள் 21.4 கோடி டாலரைக் கேள்விக்குரியது என்று குறித்தார்கள்.

தணிக்கையில் வழக்கமாகச் சிக்கும் இடங்கள் இவை: தலைமை அலுவலக நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் ஏற்றப்படுகிறது, குழும நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த துளைக்கப்பலுக்கு என்ன தினவாடகை, வேறு இடத்தில் வறண்டுபோன கிணற்றின் செலவு இங்கே ஓடும் கிணற்றின் கணக்கில் ஏறுகிறதா. கடைசியதைத் தடுக்க ஒவ்வொரு வயலின் கணக்கையும் தனியாக வேலியிட வேண்டும். வேலி இல்லையென்றால், புதுக் கிணறு தோண்டிக்கொண்டே இருக்கும்வரை செலவு வரம்பு நிரம்பியே இருக்கும். இன்னொரு பொறி காலக்கெடு. பல மாதிரி ஒப்பந்தங்களில் ஆண்டுக் கணக்கு கைக்கு வந்து 24 மாதத்துக்குள் ஆட்சேபிக்கவில்லை என்றால் அரசு ஏற்றுக்கொண்டதாகப் பொருள். டெண்டர் விட்டுத் தணிக்கையாளரை அமர்த்துவதற்குள் பாதிக் கெடு ஓடிவிடும்.

இந்தியா 1999க்குப் பிறகு கொடுத்த தொகுதிகளில் முதலீட்டு மடங்கு என்ற அளவுகோலை வைத்தது. நிறுவனம் போட்ட முதலீட்டைப் போல எத்தனை மடங்கு திரும்ப வந்தது என்பதைப் பொறுத்து அரசின் பங்கு உயரும். முதலீட்டை முன்கூட்டிக் கொட்டினால் மடங்கு தாழ்வாகவே இருக்கும், அரசின் உயர் பங்கு தள்ளிப்போகும். இந்தச் சண்டையில் அலுத்துத்தான் 2016இல் வருவாய்ப் பகிர்வுக்கு மாறியது. செலவு எவ்வளவானாலும் மொத்த வருவாயில் அரசுக்கு ஏலத்தில் சொன்ன விகிதம். இந்தோனேசியாவும் 2017இல் மொத்த உற்பத்திப் பகிர்வுக்கு வந்தது. அப்போது வைத்த அடிப்படை விகிதம் எண்ணெயில் அரசுக்கு 57 சதவீதம், எரிவாயுவில் 52. இதில் செலவுத் தணிக்கைத் தலைவலி பெரும்பாலும் தீரும். பதிலுக்கு, கடினமான ஆழ்கடல் வயல்களைத் தொட நிறுவனங்கள் தயங்கும். செலவின் அபாயம் முழுதும் அவர்கள் தலையில் விழுகிறதல்லவா.

பகிர்வு ஒப்பந்தமே இறையாண்மைக்குப் போதும் என்போருக்கு இந்தோனேசியாவே பதில் வைத்திருக்கிறது. 2012 நவம்பரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், ஒப்பந்தங்களை மேற்பார்த்த பிபிமிகாஸ் அமைப்பை ஒரே நாளில் கலைத்தது. வளங்கள் அரசின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற சாசனத்தின் 33ஆம் விதிக்கு அந்த ஏற்பாடு பொருந்தவில்லை என்பது காரணம்.

சேவை ஒப்பந்தம்

இங்கே நிறுவனத்துக்கு எண்ணெயில் பங்கே இல்லை. செலவும் கூலியும் மட்டும். அரசியலில் விற்க மிக எளிதான முறை இதுதான். ஈராக் 2009இல் ருமைலா வயலை ஏலம் விட்டபோது, பிரிட்டனின் பிபியும் சீனாவின் சிஎன்பிசியும் கூடுதல் உற்பத்தியில் ஒரு பீப்பாய்க்கு 3.99 டாலர் கேட்டு வந்து, 2 டாலருக்கு ஒத்துக்கொண்டன.

இது நடந்ததற்குக் காரணம் ருமைலா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பெரும் வயல் என்பது. தோண்டினால் கிடைக்குமா என்ற சந்தேகமே இல்லாத இடத்தில் 2 டாலருக்கும் ஆள் வரும். யாரும் துளையிடாத ஆழ்கடலில் இந்த விலைக்கு ஒருவரும் வரமாட்டார்.

விலை அபாயம் முழுக்க அரசுடையது என்பதை 2014 பிற்பகுதியின் எண்ணெய் விலை வீழ்ச்சி காட்டியது. மாதத்துக்கு 10 கோடி டாலர் செலவைத் திருப்பித் தர வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். பீப்பாய் 100 டாலர் விற்கும்போது 10 லட்சம் பீப்பாய் போதும். 50 டாலருக்கு விழுந்தால் 20 லட்சம் வேண்டும். போர்ச் செலவு கழுத்தை நெரித்த நேரத்தில் ஈராக் நிறுவனங்களிடம் செலவைக் குறைக்கச் சொல்ல வேண்டிவந்தது. பின்னாளில் புதிய ஏலங்களில் லாபப் பகிர்வுக்கு மாறியது.

ஈரானின் பழைய மீள்கொள்முதல் ஒப்பந்தங்களின் நோய் வேறு. நிறுவனம் சில ஆண்டுகளில் வயலை உருவாக்கி, ஒப்படைத்து, முன்பே நிர்ணயித்த தொகையோடு கிளம்பிவிடும். 20 ஆண்டு கழித்து எண்ணெய் தேங்கியிருக்கும் பாறை அடுக்கின் அழுத்தம் விழுந்தால் அது அவர்கள் பிரச்சினை அல்ல. உள்ளூர்ப் பொறியாளர்கள் பலமாக இருந்தால் மட்டுமே இந்த முறைக்குப் போகலாம்.

அரசுப் பங்கு

மேலே சொன்ன எதனோடும் ஒட்டிக்கொள்ளக்கூடியது இது. ‘சுரங்கத்தில் 34 சதவீதம் நமது’ என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். மங்கோலியாவின் ஓயு தொல்கோய் செம்புச் சுரங்கத்தில் 2009 ஒப்பந்தப்படி அரசுக்கு 34 சதவீதம். ஆனால் அந்தப் பங்குக்கான முதலீட்டை எதிர்த் தரப்பு கடனாகக் கொடுத்தது, வட்டி ஏறியது, ஈவுத்தொகை முதலில் கடனுக்குத்தான் போக வேண்டும். கட்டுமானச் செலவு கூடியபோது கடனும் கூடியது. கடைசியில் 2022 ஜனவரியில் 240 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்து சமாதானமானார்கள். கடனில் வாங்கிய பங்கைவிடச் சில சதவீதம் கூடுதல் ராயல்டி மேல் என்பது என் கணக்கு: ராயல்டி முதல் டன்னிலிருந்தே வரும், ஈவுத்தொகைக்குப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்.

பங்கு வேண்டுமென்றால், அரசு பணம் போடாமல் பெறும் இலவசப் பங்காக இருக்கட்டும். தான்சானியா 2017இல் சட்டத்திலேயே குறைந்தது 16 சதவீதம் என்று எழுதியது. புது மூலதனம் திரட்டும்போது அரசின் சதவீதம் நீர்த்துப்போகாது என்ற வரி கட்டாயம். போட்ஸ்வானாவின் வைரச் சுரங்க நிறுவனமான டெப்ஸ்வானாவின் 50:50 ஏற்பாடு பலனளித்ததற்குப் பங்கு மட்டும் காரணமில்லை. வைரக் கற்களின் ஒரு பகுதியை ஒகவாங்கோ என்ற அரசு நிறுவனம் தானே ஏலம் விடுவதால் சந்தை விலை அரசுக்கு நேரடியாகத் தெரிகிறது.

நான்குக்கும் அடியில் இருக்கும் ஷரத்துகள்

1970களின் தொடக்கத்தில் லிபியா வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. கிட்டத்தட்ட ஒரே மாதிரியான ஒப்பந்தங்கள், மூன்று நடுவர்கள், மூன்று விடைகள். பிபி வழக்கில் நஷ்டஈடு, லியாம்கோ வழக்கில் நியாயமான இழப்பீடு, டெக்ஸாகோ வழக்கில் (1977) ஒப்பந்தத்தையே மீண்டும் நிறைவேற்று என்ற உத்தரவு. குவைத் அரசுக்கும் அமினாயில் எண்ணெய் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் (1982) நிலைப்படுத்தல் ஷரத்து இருந்தும் நாட்டுடைமை செல்லும் என்றது நடுவர் மன்றம்: 60 ஆண்டுக் காலத்துக்கு அரசு தன் அதிகாரத்தைக் கைவிட்டது என்றால் அது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இழப்பீடு சுமார் 18 கோடி டாலர். இன்றைய ஒப்பந்த வக்கீல்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள், வெளிப்படையாகவே எழுதுகிறார்கள்.

நிலைப்படுத்தலைத் தவிர்க்கவே முடியாத பேரத்தில் நான்கு எல்லைகள் போடலாம். வரி விகிதத்துக்கு மட்டும் பொருந்தட்டும். சுற்றுச்சூழல், தொழிலாளர், பாதுகாப்புச் சட்டங்கள் வெளியே இருக்கட்டும். முதலீடு திரும்பும்வரையோ பத்தாண்டுவரையோ மட்டும் ஓடட்டும். சட்டம் மாறினால் ஒப்பந்தத்தின் பொருளாதாரச் சமநிலையை மீட்கும் வகையாக இருந்தால் இரு பக்கமும் வேலை செய்யட்டும்; விலை இரட்டிப்பானால் அரசும் மறுபேச்சுக்குக் கூப்பிட உரிமை வேண்டும்.

அதற்கும் கீழே இருப்பவை, ஒருவர் நாட்டு முதலீட்டை மற்றவர் காக்க இரு நாடுகள் செய்துகொள்ளும் இருதரப்பு முதலீட்டு உடன்படிக்கைகள். 1803 சொல்லும் ‘பொருத்தமான இழப்பீடு’ இங்கே ‘உடனடி, போதுமான, பயனுள்ள இழப்பீடு’ ஆகிவிடும். 1938இல் மெக்சிகோவிடம் அமெரிக்க வெளியுறவுச் செயலர் கார்டெல் ஹல் கேட்ட அதே அளவுகோல். பாகிஸ்தானின் ரெக்கோ டிக் வழக்கைப் பாருங்கள். சுரங்கக் குத்தகை விண்ணப்பம் 2011இல் நிராகரிக்கப்பட்டது; ஒரு டன் தாதுகூட எடுக்கப்படவில்லை; ஆய்வுக்கு நிறுவனம் செலவிட்டது சுமார் 22 கோடி டாலர். ஆஸ்திரேலியா–பாகிஸ்தான் உடன்படிக்கையின் கீழ் 2019இல் வந்த தீர்ப்பு, வட்டி சேர்த்து சுமார் 584 கோடி டாலர். எதிர்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கழித்துப் போட்ட கணக்கு அது. 2022இல் புதிய பங்குடைமை ஏற்பாட்டோடு சமரசம் ஆனது.

தான்சானியா 2017இல் ‘நிரந்தர இறையாண்மை’ என்ற பெயரிலேயே சட்டம் இயற்றி, வெளிநாட்டு நடுவர் மன்றங்களுக்குக் கதவடைத்தது. தங்கச் சுரங்கக் குழுமம் ஒன்றுக்கு 19,000 கோடி டாலர் வரி நோட்டீஸ் போனது. முடிவில் 30 கோடி டாலருக்கும் இலவசப் பங்குக்கும் சமரசம். ஆனால் பிரிட்டனுடன் போட்ட பழைய முதலீட்டு உடன்படிக்கை உயிரோடுதான் இருந்தது. கண்டுபிடித்த கனிமத்தை உடனே தோண்டாமல் கையில் வைத்திருக்கத் தரும் தக்கவைப்பு உரிமங்களை ரத்து செய்ததற்காக அதன் கீழ் 2023இல் 10.9 கோடி டாலர் தீர்ப்பு வந்தது. உள்நாட்டுச் சட்டத்தை மாற்றினால் உடன்படிக்கை மாறாது. உடன்படிக்கையிலிருந்து விலகினாலும் பழைய முதலீடுகளுக்கு வழக்கமாக 10 முதல் 20 ஆண்டு வரை அதன் பாதுகாப்பு வால் போலத் தொடர்ந்து ஓடும்.

எதற்கு எது

வரித்துறை பலமாக உள்ள நாட்டுக்கு உரிம முறையே போதும்; நெறி விலையும் சிறப்பு வரியும் சேர்ந்தால் மற்ற மூன்றையும்விட நிர்வாகச் சுமை குறைவு. திடத் தாதுக்களுக்கும் இதையே சொல்வேன். விலையோடு ஏறும் ராயல்டி வைத்துக்கொள்ளலாம்.

ஆழ்கடல், புதிய படுகை, அரசிடம் தரவே இல்லை என்ற நிலையில் உற்பத்திப் பகிர்வு சரி. செலவு வரம்பு 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், வயலுக்கு வயல் வேலி, தணிக்கைக் கெடு மூன்றாண்டுக்குக் குறையாமல். தணிக்கைக்கு ஆளே கிடைக்காது என்றால் வருவாய்ப் பகிர்வு. ஏலத்தில் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் கிடைப்பது கைக்கு வரும். வயல் ஏற்கெனவே நிரூபணமாகியிருந்தால், விலை வீழ்ச்சியைத் தாங்கும் கையிருப்பும் இருந்தால் மட்டும் சேவை ஒப்பந்தம்.

எந்த வகையானாலும், தொகுதி கடற்கரையிலிருந்து 200 கடல் மைலைத் தாண்டுகிறதா என்று வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். தாண்டினால் கடல் சட்ட உடன்படிக்கையின் 82ஆம் விதிப்படி, உற்பத்தியின் முதல் ஐந்தாண்டுக்குப் பிறகு, ஆறாம் ஆண்டில் உற்பத்தி மதிப்பில் 1 சதவீதம், ஆண்டுக்கு ஒன்றாக ஏறி பன்னிரண்டாம் ஆண்டில் 7 சதவீதம் சர்வதேசக் கடலடி ஆணையத்தின் வழியாகச் செலுத்த வேண்டும். அந்தக் கனிமத்தை நிகரமாக இறக்குமதி செய்யும் வளரும் நாட்டுக்கு மட்டும் விலக்கு. கடமை அரசின் பெயரில்தான் இருக்கிறது; நிறுவனம் அதைச் சுமக்குமா, செலவு மீட்பில் ஏற்றுமா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டால் அந்த 7 சதவீதமும் அரசின் பங்கிலிருந்துதான் போகும்.